சுமத்ரா அசைந்தால் காலாங்கில் விளக்கு ஏன் ஆடுகிறது? நிலநடுக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை பிற்பகல். மியன்மார் நிலநடுக்கத்தில் ஆடிய பேங்காக்கின் உயரமான கட்டடங்களின் உச்சியிலிருந்து நீச்சல் குளத்துத் தண்ணீர் அருவிபோல் கொட்டும் காணொளி, சிங்கப்பூரின் காலாங்கில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த நிமிடமே கேள்விகள் தொடங்கிவிட்டன. நான் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் என்பதால் எல்லாம் என் தலையில் விழுந்தன. மின்தூக்கியில் கேட்டார்கள், கோப்பிக்கடையில் கேட்டார்கள், கோயில் அன்னதான வரிசையிலும் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. ஆகவே எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நிலநடுக்கத்தின்போது நிலத்துக்கு அடியில் உண்மையில் என்ன நடக்கிறது?

பாறை நழுவுகிறது. அவ்வளவுதான். ஆனால் அது பல்லாண்டுகளாக நடக்காமல் தேங்கிப்போன நழுவல்.

ஈரத்தில் ஊறி உப்பிப்போன மர அலமாரியின் இழுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். இழுக்கிறீர்கள், வரவில்லை. இன்னும் பலமாக இழுக்கிறீர்கள், முன்பலகை லேசாக வளைகிறது, அப்போதும் வரவில்லை. அப்புறம் திடீரென்று விடுபட்டு, கரண்டியெல்லாம் தரையில் சிதற, நீங்களும் பின்னால் சாய்கிறீர்கள். நிலத்தடியிலும் இதே கதைதான். இரண்டு பெரும் பாறைப் பரப்புகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரப் பார்க்கின்றன. உராய்வு அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. பிடிபட்ட இடம் அசைவதில்லை, ஆனால் பின்னாலிருந்து தள்ளும் விசை ஓய்வதுமில்லை. அந்த விசை சுற்றியுள்ள பாறையை வளைத்துக்கொண்டே இருக்கிறது.

கல் எங்கே வளையும் என்று என் மாணவர்கள் சிரிப்பார்கள். கையளவுக் கல் வளையாது. பல கிலோமீட்டர் நீளத்துக்கு எடுத்தால் மூங்கில் மாதிரி வளையும். 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஹாரி ஃபீல்டிங் ரீட் என்பவர்தான் இதைத் தெளிவாகச் சொன்னார். பாறை நழுவிய பிளவுக்கோட்டைக் குறுக்கே கடந்த வேலிகளும் பாதைகளும் ஒரே காலையில் துண்டாகி விலகிக் கிடந்தன. ஓரிடத்தில் விலகல் ஏறக்குறைய 6 மீட்டர். நிலநடுக்கத்துக்கு முந்தைய பல ஆண்டுகளின் நில அளவைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது, பிளவுக்குத் தள்ளி இருந்த நிலம் முன்பிருந்தே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது தெரியவந்தது. பிளவின் ஓரம் மட்டும் சிக்கி நின்றிருக்கிறது. அது விடுபட்டதும் வளைந்த பாறை சட்டென்று நிமிர்ந்துகொண்டது. அந்த நிமிர்தலின் குலுங்கலைத்தான் நாம் நிலநடுக்கம் என்கிறோம்.

தட்டுகள் எரிமலைக் குழம்பின்மேல் மிதக்கின்றனவாமே?

இல்லை. பாடநூல் படங்கள் செய்த வினை இது. பூமியின் மேலோடு பெரும் பாறைத் துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது, அவற்றைத்தான் தட்டுகள் என்கிறோம். தட்டுகளுக்குக் கீழே இருப்பதும் திடமான பாறைதான், மிகச் சூடான பாறை. லட்சக்கணக்கான ஆண்டுகள் என்ற கணக்கில் அது மெதுவாக ஒழுகும். அதனால்தான் தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. விரல் நகம் வளரும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூருக்கு அடியில் தட்டுகள் உரசிக்கொள்ளும் விளிம்பு இருக்கிறதா?

இல்லை. நாம் உட்கார்ந்திருப்பது சுந்தா தட்டின் உட்பகுதியில். இங்கும் பாறைகளில் பழைய பிளவுகள் உண்டு, ஆனால் தட்டின் விளிம்பு நமக்குத் தள்ளித்தான் இருக்கிறது.

நமக்கு வரும் அதிர்ச்சியெல்லாம் சுமத்ராவிலிருந்து வருகிறது. அங்கே இரண்டு ஊற்றுகள் இருக்கின்றன. ஒன்று, சுமத்ராவின் மேற்குக் கடலுக்கு அடியில், இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு சுந்தா தட்டுக்குக் கீழே செருகும் இடம். நம்மிடமிருந்து 600, 700 கிலோமீட்டர். பெரிய பூகம்பங்கள் பிறக்கும் இடம் இதுதான். இன்னொன்று, சுமத்ரா தீவின் முதுகெலும்பான பாரிசான் மலைத்தொடர் வழியே ஆச்சேயிலிருந்து சுந்தா நீரிணை வரை ஓடும் சுமத்ரா பிளவு. ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் நீளம். இதில் நமக்கு மிக அருகில் இருக்கும் பகுதி 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இங்கே வரும் பூகம்பங்கள் கடல் பூகம்பங்களை விடச் சிறியவை, ஆனால் பக்கத்தில் இருப்பவை.

அப்படியென்றால் நமக்குப் பக்கத்தில் எதுவுமே நடக்காதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்ட் 24ஆம் தேதி காலையில் ஜொகூரின் சிகாமட் அருகே 4.1 அளவில் ஓர் அதிர்வு ஏற்பட்டது. தட்டின் நடுப்பகுதியிலும் பழைய பிளவுகள் எப்போதாவது முனகும். மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் வந்த பூகம்பமும் தட்டின் விளிம்பில் வந்ததில்லை. அளவு 6.2தான், ஆனால் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். மண் சாந்து வைத்துக் கட்டிய கனத்த கல் வீடுகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சரிந்தன.

செய்தியில் சொல்லும் ‘மையம்’ என்பது எது?

நழுவல் தொடங்கும் இடம் நிலத்தடியில் இருக்கும், அதைக் குவியம் என்பார்கள். அதற்கு நேர் மேலே தரையில் இருக்கும் புள்ளிதான் செய்தியில் வரும் மையம். ஆழம் 70 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஆழமற்றது என்று கணக்கு, 300 வரை நடுத்தரம், அதற்குக் கீழே 700 வரை ஆழமானது. ஆழம் குறையக் குறைய மேலே இருப்பவர்களுக்கு அடி பலம்.

ஆனால் மையம் என்ற சொல் நம்மை ஏமாற்றும். பூகம்பம் ஒரு புள்ளியில் நடப்பதில்லை. துணி கிழிவது மாதிரி ஓரிடத்தில் தொடங்கி ஓடும். 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவின் வடமுனைக்கு அருகே தொடங்கிய கிழிசல் நிக்கோபார், அந்தமான் என்று ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஓடி முடிக்க எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியை வைத்துவிட்டு ‘இங்கே நடந்தது’ என்று காட்டுவது அந்த அளவுப் பூகம்பத்துக்குப் பொருந்தவே பொருந்தாது.

அதிர்ச்சி எப்படி மேலே வருகிறது?

அலையாக. முதலில் வருவது பி அலை. பாறையை முன்னும் பின்னும் அமுக்கித் தள்ளிக்கொண்டு ஓடும், ஒலி காற்றில் ஓடுவது போல. அடுத்தது எஸ் அலை, கயிற்றை உதறினால் நெளியுமே அதுபோலக் குறுக்காக ஆட்டும். மெதுவானது, ஆனால் பலம் அதிகம். கடைசியில் தரையின் மேற்பரப்பை ஒட்டியே உருண்டு வரும் மேற்பரப்பு அலைகள். தூரத்தில் இருக்கும் நமக்கு முக்கியமானவை இவைதான்.

இந்த மூன்றையும் பதிவுகளில் பிரித்துக் காட்டியவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை செய்தவர். 1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமைப் புரட்டிப்போட்ட பூகம்பத்தை ஆராய்ந்தபோதுதான் அவருக்கு இது பிடிபட்டது. நம் பக்கத்து மண் அசைந்ததை வைத்து உலகத்துக்கே கிடைத்த பாடம் என்று வகுப்பில் கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன்.

சுமத்ரா பிளவில் நழுவல் நடந்தால் பி அலை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் நம்மை வந்தடையும். அதை நாம் உணர்வதில்லை, கருவிகள்தான் உணரும். அதற்கும் ஒரு நிமிடம் கழித்து வரும் மெதுவான அலைகளில்தான் விளக்கு ஆடும்.

அவ்வளவு தூரம் வந்த பிறகு அலை செத்துப்போகாதா?

பாதி செத்துப்போகும். எந்தப் பாதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தூரத்தில் உருமி மேளம் அடித்துக்கொண்டு ஓர் ஊர்வலம் போகிறது. பக்கத்தில் நின்றால் சலங்கை, குழல், பாட்டு எல்லாம் கேட்கும். நாலு புளோக் தள்ளி நின்றால் பாட்டு கேட்காது, அடித்தொண்டையில் உறுமும் அந்தத் ‘தும்... தும்...’ மட்டும் வந்து சேரும். கீச்சென்ற ஒலியைக் காற்றும் சுவரும் வழியிலேயே தின்றுவிடுகின்றன. பாறையும் அப்படித்தான். படபடவென்று வேகமாக அதிரும் அலைகள் நூறு கிலோமீட்டருக்குள் தேய்ந்துபோகும். ஒரு நொடி, இரண்டு நொடி, அதற்கும் மேல் எடுத்து மெதுவாக ஒரு முறை ஆடும் நீண்ட அலைகள் மட்டும் கடலைத் தாண்டியும் வரும். சுமத்ராவின் பாடாங் நகரில் இருப்பவர் உணரும் குலுக்கலும் நாம் உணரும் ஆட்டமும் ஒன்றல்ல. அவருக்குத் தரை உதறும். நமக்குப் படகில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

என் வீடு 16ஆம் மாடி. எனக்கு ஆடியது. கீழே கோப்பிக்கடையில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் தலைசுற்றலா?

தலைசுற்றல் இல்லை. என் வீட்டிலேயே இது நடந்தது. 2007 மார்ச் 6, செவ்வாய்க்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன். நான் பள்ளியில், தரைத்தளத்தில், தட்டு நகர்வையே நடத்திக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் என் மனைவி சாமி அறையில் சங்கிலியில் தொங்கும் தூங்காவிளக்கு தானாக ஆடுவதைப் பார்த்துப் பயந்து போன் செய்தார். ரத்த அழுத்த மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். இன்றுவரை அந்தக் கேள்விக்காக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். அன்று மேற்குச் சுமத்ராவில் சிங்காராக் ஏரிப் பக்கம் 6.4 அளவில் ஒன்றும், இரண்டு மணி நேரம் கழித்து 6.3 அளவில் இன்னொன்றுமாக இரட்டைப் பூகம்பம். இங்கே பல அலுவலகக் கட்டடங்களிலிருந்து ஆட்கள் கீழே இறங்கி வந்தார்கள்.

காரணம் ஊஞ்சல்தான். ஊஞ்சலுக்கு ஒரு சொந்தத் தாளம் உண்டு. அந்தத் தாளத்துக்குப் பொருந்தத் தள்ளினால் சின்னக் கை கூட உயரத் தள்ளிவிடும். தாளம் தப்பினால் பலசாலி தள்ளினாலும் எகிறாது. கட்டடத்துக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. தோராயமாக ஒரு மாடிக்குப் பத்தில் ஒரு பங்கு நொடி என்று பொறியாளர்கள் கணக்குப் போடுவார்கள். இரண்டு மாடி வீடு ஒரு முறை ஆட 0.2 நொடி, 16 மாடி புளோக் ஏறக்குறைய ஒன்றரை நொடி. மேலே சொன்னேனே, சுமத்ராவிலிருந்து பிழைத்து வரும் அலைகள் எவை என்று? ஒன்று, இரண்டு நொடிக்காரர்கள். நம் அடுக்குமாடிகளின் தாளமும் அதுவே. தரை வீட்டுக்காரரிடம் அந்த அலை பேசுவதே இல்லை. உங்கள் புளோக்கைப் பிடித்து மெல்ல மெல்லத் தள்ளுகிறது. புளோக்கின் கால் அசையாது, தலைதான் ஆடும்.

சரி, புக்கிட் தீமாவில் இருக்கும் என் அக்கா வீடும் உயரமான கொண்டோதான். அவருக்கு ஏன் தெரியவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்ட தங்கச்சிக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன். நல்ல கேள்வி.

தீபாவளிக்குக் கடல்பாசி ஜெல்லி செய்வீர்கள் அல்லவா? அதையும் ஒரு துண்டு நெய் பர்பியையும் ஒரே தட்டில் வைத்து, மேசையை லேசாகத் தட்டுங்கள். பர்பி சும்மா இருக்கும். கடல்பாசி தளதளவென்று ஆடும், நீங்கள் தட்டுவதை நிறுத்திய பிறகும் ஆடும்.

தீவின் நடுவே, புக்கிட் தீமா குன்று நிற்பது கருங்கல்மேல். அதுதான் பர்பி. மேற்கே ஜூரோங் பக்கம் பழைய படிவுப் பாறைகள். கிழக்கே கெட்டிப்பட்ட பழைய வண்டல். ஆனால் காலாங் ஆற்றுப் பள்ளத்தாக்கு, தென்கிழக்குக் கரையோரம் போன்ற இடங்களில் கடல்சார் களிமண் தேங்கிக் கிடக்கிறது. கடைசிப் பனிக்காலத்துக்குப் பிறகு கடல் மட்டம் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகளை நிரப்பிய சேறு அது. சில இடங்களில் 30 மீட்டரைத் தாண்டிய கனம். கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலங்கள் பலவற்றுக்கு அடியிலும் இதே களிமண்தான்.

அலை கருங்கல்லிலிருந்து இந்தச் சேற்றுக்குள் நுழையும்போது வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் வீச்சு பெருகுகிறது, கடலலை கரைக்கு வந்ததும் எழும்புவது போல. அதோடு களிமண் படுகைக்கும் சொந்தத் தாளம் உண்டு. 30 மீட்டர் மென்களிமண் ஒரு முறை ஆட ஒரு நொடிக்குப் பக்கத்தில் எடுக்கும். இப்போது சேர்த்துப் பாருங்கள்: தூரம் மெதுவான அலையை மட்டும் வடிகட்டி அனுப்புகிறது, களிமண் அதே அலையைப் பெருக்குகிறது, அடுக்குமாடி அதே அலைக்கு ஆடுகிறது. மூன்று சல்லடையிலும் ஒரே அளவு ஓட்டை. பூகம்பம் எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்டுவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். நம் ஊருக்கு அது பாதிக் கேள்விதான். எந்த மண், எத்தனையாவது மாடி என்பது மீதிப் பாதி.

இதற்குக் கொடுமையான சாட்சி மெக்சிகோ நகரம். 1985 செப்டம்பர் 19 அன்று பசிபிக் கரையோரத்தில் 8.0 அளவில் பூகம்பம் வந்தது. நகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டர் தள்ளி. ஆனால் அது நிற்பது வற்றிய ஏரியின் களிமண்மேல். அந்தக் களிமண்ணின் தாளம் இரண்டு நொடி. ஆறிலிருந்து பதினைந்து மாடி வரை இருந்த கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. பக்கத்திலேயே இருந்த குட்டைக் கட்டடங்கள் பல தப்பின. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

பேங்காக்கில் கட்டடம் இடிந்ததே. இங்கேயும் இடியுமா?

பேங்காக் கதையும் மண் கதைதான். மியன்மாரின் மண்டலே அருகே சகாயிங் பிளவில் 7.7 அளவில் நழுவல், பேங்காக் அங்கிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். அந்த நகரம் சாவ் பிரயா ஆறு கொண்டுவந்து கொட்டிய மென்களிமண்மேல் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நூற்றுக்கணக்கான உயர்ந்த கட்டடங்கள் ஆடின, இடிந்து தரைமட்டமான உயர் கட்டடம் இன்னும் கட்டிக்கொண்டிருந்த ஒன்றுதான். ஆடுவது வேறு, இடிவது வேறு.

சுமத்ரா அதிர்வால் சிங்கப்பூரில் இதுவரை கட்டடம் எதுவும் இடிந்ததில்லை. களிமண் பகுதிகளில் நிற்கும் உயரக் கட்டடங்கள் களிமண்ணை நம்பி நிற்கவில்லை, கீழே கெட்டித் தரை வரை இறக்கிய தூண்களின்மேல் நிற்கின்றன. காற்றுக்காகவும் உறுதிக்காகவும் பக்கவாட்டு விசையைத் தாங்கும்படியே முன்பும் கட்டினார்கள். 2013இல் கட்டட, கட்டுமான ஆணையம் நிலநடுக்கத்துக்கென்றே தனி வடிவமைப்பு விதிகளைக் கொண்டுவந்தது. மென்மண்மேல் எழும் உயரமான புதிய கட்டடங்கள் அந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும்.

சிராங்கூன் சாலைப் பெரியவர்கள் சிலர் 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்ததையும் நிலநடுக்கத்தில் சேர்த்துச் சொல்கிறார்கள். ஓவன் ரோடு முனையில், 33 பேர் உயிரிழந்தார்கள். அதற்கும் பூமிக்கும் சம்பந்தமில்லை. கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் விட்டுவிட்டார்கள். அதன் பிறகு வந்த 1989ஆம் ஆண்டுக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் போட்ட கணக்கை வேறொரு தகுதிபெற்ற பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்றது. பூகம்பத்துக்கும் அந்தச் சட்டம்தான் நமக்கு முதல் காவல் என்பது என் எண்ணம்.

6க்கும் 7க்கும் ஒன்றுதானே வித்தியாசம்?

படிக்கட்டு அப்படிக் கட்டப்படவில்லை. ஒரு படி ஏறினால் கருவியில் பதியும் ஆட்டம் 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. இரண்டு படி ஏறினால் ஆற்றல் ஆயிரம் மடங்கு. சார்லஸ் ரிக்டர் 1935இல் கொடுத்த அளவுகோல் பெரிய பூகம்பங்களுக்குத் திணறும். அதனால் இப்போது நழுவிய பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு ஆகியவற்றைப் பெருக்கி வரும் உந்தத்திறன் அளவைத்தான் பயன்படுத்துகிறார்கள். பழக்கத்தில் பெயர் மட்டும் ரிக்டர் என்றே நிலைத்துவிட்டது.

அளவு என்பது பூகம்பத்துக்கு ஒன்றே ஒன்று. தீவிரம் என்பது ஊருக்கு ஊர் மாறும். விளக்கும் வெளிச்சமும் போல. 2004இல் 9.1. 2007 மார்ச்சில் 6.4. ஆற்றலில் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் 2004இன் மையம் நம்மிடமிருந்து ஏறக்குறைய 900 கிலோமீட்டர், 2007 அதில் பாதித் தூரம்தான். என் மனைவியை எழுப்பி நிறுத்தியது சின்னதுதான்.

சின்னச் சின்னதாக வந்தால் பெரியது வராது என்கிறார்களே?

மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு 8 அளவுப் பூகம்பத்தின் ஆற்றலைக் கரைக்க 6 அளவில் ஆயிரம் பூகம்பங்கள் வேண்டும். அவ்வளவு வருவதில்லை.

தரை வாய் பிளந்து ஆளை விழுங்குமா?

சினிமாவில் விழுங்கும். நிஜத்தில் பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் நகர்கின்றன, கதவு மாதிரித் திறப்பதில்லை. மேலே விரிசல்கள் வரும். ஆனால் மேற்பரப்புக்கு வரும் கேடு வேறு வழிகளில் வருகிறது.

நிலம் ஏறும், இறங்கும். 2004இல் பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது, கலங்கரை விளக்கம் தண்ணீரில் நின்றது. 2005 மார்ச்சில் 8.6 அளவுப் பூகம்பம் சுமத்ராவுக்கு மேற்கே உள்ள நியாஸ் தீவின் கரையை எதிர்த்திசையில் கிட்டத்தட்ட 3 மீட்டர் தூக்கிவிட்டது. உயிருள்ள பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து வெளுத்தன.

மண் குழம்பாகும். நீர் நிறைந்த தளர்ந்த மணல் குலுங்கும்போது மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்குவதை நிறுத்திவிடும், எடை முழுவதும் தண்ணீர்மேல் விழும், தரை கூழாகிவிடும். 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிகள் உடையாமலே சாய்ந்து படுத்தன. 2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் பாலு நகரில் பெட்டோபோ, பாலரோவா என்ற குடியிருப்புகள் வீட்டோடு வாசலோடு வழுக்கிச் சென்றன. நம் தூர்த்த நிலங்களும் மணல்தானே என்று ஒருவர் கேட்டார். மணல்தான், ஆனால் குழம்பாவதற்கு வலுவான குலுக்கல் வேண்டும். 400 கிலோமீட்டர் தாண்டி வரும் மெல்லாட்டம் அதற்குப் போதாது.

அப்புறம் மலைச்சரிவு. 2015 ஜூன் 5 காலையில் மலேசியாவின் சபாவில் 6.0 அளவில் பூகம்பம் வந்தபோது கினபாலு மலையில் பாறைகள் உருண்டு 18 பேர் இறந்தார்கள். மலையேறப் போயிருந்த நம் தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

சுனாமி இங்கே வருமா?

நமக்கு ஆட்டத்தை அனுப்பும் அதே சுமத்ரா தீவு, கடலுக்குக் குறுக்கே சுவராகவும் நிற்கிறது. இந்தியப் பெருங்கடல் அலை நம்மிடம் வர வேண்டுமென்றால் வடக்கே சுற்றிக்கொண்டு, ஆழமற்ற, குறுகலான மலாக்கா நீரிணை முழுவதையும் கடந்து வர வேண்டும். 2004இல் பினாங்கில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம்மை எட்டும்போது அலையில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தென்சீனக் கடலில் மணிலா அகழி பக்கம் பெரிதாக நடந்தால் என்ன என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அலை வந்து சேரப் பல மணி நேரம் ஆகும், வழியெல்லாம் கடல் ஆழம் குறைவு.

நமக்கு அந்த நாள் வேறு வழியில் வந்தது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர், மட்டக்களப்பு என்று ஒவ்வொரு ஊர்ப் பெயராகத் தொலைபேசியில் வந்தது. சுமத்ரா கரையில் கடற்படுகை எழும்பி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அலை தமிழ்நாட்டுக் கரையைத் தொட்டது. இரண்டு மணி நேரம்! ஆனால் சொல்லுவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமலூ தீவிலோ 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். 1907 சுனாமியில் பட்ட அடியை அவர்கள் ‘ஸ்மோங்’ என்ற பெயரில் கதையாகவும் தாலாட்டாகவும் காப்பாற்றி வைத்திருந்தார்கள்: நிலம் நடுங்கி, கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு.

முன்கூட்டியே சொல்ல முடியாதா? ‘நாளை இரவு 9 மணிக்கு 7.2’ என்று ஒரு செய்தி வந்ததே?

அழித்துவிடுங்கள். நாள், நேரம், இடம், அளவு எல்லாம் சொல்லும் வித்தை உலகில் யாரிடமும் இல்லை. 1975இல் சீனாவின் ஹைசெங் நகரில் முன்னதிர்வுகளைப் பார்த்து மக்களை வெளியேற்றிக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டே தாங்ஷானில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வந்தது. அரசு சொன்ன கணக்கே 2,40,000 பேருக்கு மேல்.

எங்கே கடன் ஏறியிருக்கிறது, அதாவது நழுவல் விடுபடாமல் தேங்கியிருக்கிறது, என்று மட்டும் சொல்லலாம். சுமத்ராவுக்கு மேற்கே உள்ள மெந்தாவாய்த் தீவுகளுக்கு அடியில் 1797இலும் 1833இலும் பெரும் பூகம்பங்கள் வந்தன. பவளப்பாறைகள் கடல் மட்டத்துக்கு மேல் வளர முடியாது, ஆகவே தரை ஏறினாலும் இறங்கினாலும் அதன் வளர்ச்சி வளையங்களில் பதிந்துவிடும். அவற்றை அறுத்துப் படித்து இந்த வரலாற்றை எடுத்தவர்களில் முக்கியமானவர் கெரி சியே. நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் புவி ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவர்தான். 2007 செப்டம்பரில் வந்த 8.4 அளவுப் பூகம்பம் அந்தக் கடனில் ஒரு பகுதியைத்தான் அடைத்தது. மீதி இருக்கிறது.

ஊரில், தமிழ்நாட்டில், பயம் உண்டா?

கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டது. இமயமலைப் பக்கம் போல இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் 6 அளவை ஒட்டி ஒன்று வந்தது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5. அதே ஆண்டு ஜனவரியில் குஜராத்தின் புஜ் பூகம்பத்தில், 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அதற்குப் பிறகு 2002இல் திருத்திய இந்தியத் தரநிலை சென்னையை நிலநடுக்க அபாயம் குறைந்த இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. ஊரில் வீடு கட்டினால், தரைத்தளத்தில் கார் நிறுத்த வெறும் தூண்களை மட்டும் விட்டு மேலே மாடி எழுப்புவதைப் பற்றிப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல அந்த வகை.

வீடு ஆடினால் என்ன செய்ய வேண்டும்?

கண்ணாடிச் சன்னலையும் தலைக்கு மேல் தொங்குவதையும் விட்டுத் தள்ளி நில்லுங்கள். பலமாக ஆடினால் உறுதியான மேசைக்கு அடியில். மின்தூக்கி வேண்டாம். அடுப்பு எரிந்தால் அணையுங்கள். நின்ற பிறகு எரிவாயு வாடை வருகிறதா, சுவரில் புது விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு ஆடியதைச் சொல்ல 995க்கு அழைக்காதீர்கள், குடிமைத் தற்காப்புப் படைக்கு வேறு வேலை இருக்கிறது. எங்கே, எவ்வளவு என்பதை வானிலை ஆய்வகம் சற்று நேரத்தில் சொல்லிவிடும்.

மேல்மாடி வீட்டை விற்றுவிட்டுக் கீழ்மாடிக்குப் போகலாமா?

இதைக் கேட்டவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எங்கள் வீடு 16ஆம் மாடி, காலாங் களிமண்மேல், நான் சொன்ன மூன்று சல்லடையும் இருக்கிறது. நாங்கள் விற்கவில்லை. அலமாரி உச்சியில் இருந்த பித்தளைக் குடத்தை மட்டும் கீழே இறக்கி வைத்திருக்கிறோம். தூங்காவிளக்கு அதே சங்கிலியில்தான் தொங்குகிறது. வீட்டில் இருக்கும் ஒரே நிலநடுக்கக் கருவியை எதற்குக் கழற்ற வேண்டும் என்கிறார் மனைவி.